உள்விளிம்பு தேயும் டயர்கள்

ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டைச் சென்னையில் வண்டி வைத்திருப்பவர்கள் ஜி.பி. ரோடு என்றுதான் சொல்வார்கள். சீட் கவர், ஹாரன், ஸ்பீக்கர், அலாய் வீல் என்று காருக்கு அழகு சேர்க்கும் எதையும் அங்கே வாங்கலாம். வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஆசை பலருக்கு அந்தத் தெருவில்தான் பிறக்கிறது. அந்த ஆசைக்குப் பிறகு சக்கரங்களை நேராக்கித் தருகிறவர்களைப் பார்க்கத்தான் நான் லஸ் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் சிறிய அலைன்மெண்ட் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். நான்கு தூண் லிஃப்ட் ஒன்று, கேமரா வைத்த த்ரீ-டி மிஷின் ஒன்று, ஒரு ஏர் கம்ப்ரசர். வேலை செய்பவர்கள் மூன்று பேர். மூத்தவரைச் சின்னவர்கள் இருவரும் அண்ணே என்று கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நண்பகலில் அடையாறிலிருந்து ஒரு ஹேட்ச்பேக் வந்தது. தொழிற்சாலை ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு 40 மில்லிமீட்டர் இறக்கும் குட்டை ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். ஓட்டி வந்த இளைஞருக்கு ஒரே குறை: "வண்டி ரோட்டுல நிக்காம அலையுதுண்ணே." டயரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகத்தான் இருந்தது. வண்டியை மேலே ஏற்றியதும் அண்ணன் முன்சக்கரத்தின் பின்பக்கம் போய் டார்ச் அடித்தார். உள்விளிம்பில் ரப்பர் வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது. ஓரிடத்தில் கம்பி இழை பளபளத்தது.

"டயர் கம்பெனிமேல தப்பு இல்ல தம்பி. ஸ்பிரிங் மாத்தினப்புறம் அலைன்மெண்ட் பாத்தியா?"

"ஸ்பிரிங் போட்டவங்க தேவையில்லன்னாங்கண்ணே."

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. உண்மை என்னவென்றால், ஸ்பிரிங் மாற்றிய அன்றே சக்கரத்தின் கோணங்கள் எல்லாம் இடம் மாறிவிடுகின்றன. இன்று ஓடும் சிறிய கார்களில் முன்பக்கம் பெரும்பாலும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்புதான். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் மெக்ஃபர்சன் வடிவமைத்த இது 1950களின் தொடக்கத்தில் ஃபோர்டு கார்களில் வந்தது. இந்தியாவில் 1983இல் வந்த மாருதி 800 இதை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. இந்த அமைப்பில் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருப்பது லோயர் ஆர்ம். ஸ்டியரிங்கோடு இணைப்பது டை ராடு. இரண்டும் வேறு வேறு நீளம், வேறு வேறு இடத்தில் ஆடும் கம்பிகள். வண்டி இறங்கும்போது இரண்டும் தத்தம் வட்டத்தில் நகர்கின்றன. அதனால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்கிறது. அது கேம்பர் மாற்றம். கூடவே சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்புகிறது; அது டோ மாற்றம்.

மிஷின் திரையில் அந்த வண்டியின் இடது முன்சக்கரம் கேம்பர் மைனஸ் 1.9 டிகிரி, டோ மைனஸ் 0.4 டிகிரி என்று காட்டியது. நான் 1.9ஐத்தான் குற்றவாளி என்று நினைத்தேன். அண்ணன் தலையை ஆட்டினார். "சாஞ்சி ஓடுறது மெதுவாத்தான் சார் தேயும். இழுத்துக்கினு ஓடுது பாருங்க, அதுதான் டயர சாப்பிடுது."

கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் சொல்வது சரி. 0.4 டிகிரி திரும்பி நிற்கும் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 7 மீட்டர் பக்கவாட்டில் தரையோடு தேய்க்கப்படுகிறது. அடையாறிலிருந்து தி.நகருக்கு 6 கிலோமீட்டர் ஓட்டினால் 40 மீட்டருக்கு மேல். தினமும் போய்வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கேம்பர் சாய்வால் வண்டியின் எடை உள்விளிம்பில் கூடுதலாக விழுகிறது. டோ அந்த விளிம்பையே அரம் போட்டுத் தேய்க்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் சில மாதங்களில் கம்பி தெரிகிறது. டோவைச் சரியாக வைத்துவிட்டால், மைனஸ் ஒன்றரை டிகிரி கேம்பரோடுகூட ஒரு டயர் நியாயமான காலம் உழைக்கும்.

மிஷினைப் பூட்டுவதற்கு முன்பே அண்ணன் உள்ளங்கையை டயரின் முகத்தில் குறுக்காக ஒருமுறை, எதிர்த்திசையில் ஒருமுறை ஓட்டியிருந்தார். ஒரு பக்கம் போகும்போது வழுக்கும், திரும்பும்போது விரலைப் பிடிக்கும். எந்தப் பக்கம் பிடிக்கிறது என்பதிலிருந்தே டோ உள்ளே திரும்பியிருக்கிறதா வெளியேயா என்று தெரிந்துவிடும். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, மேடும் பள்ளமுமாக இருந்தால் ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. காற்றையும் ஷாக்கையும் பற்றித் திரை எதுவும் சொல்லாது. நைலான் நூலைக் கட்டி டோ பார்த்த காலத்தில் கற்ற கை அது. மிஷின் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை.

வேலையின் வரிசையில் அவர் ஒரு படியையும் தாண்டவில்லை. முதலில் நான்கு டயரிலும் காற்று. பிறகு பால் ஜாயின்ட், டை ராடு எண்ட், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்ற சோதனை. ஆட்டம் இருந்தால் அலைன்மெண்ட் செய்ய மறுத்துவிடுகிறார், ஏனென்றால் கடையை விட்டு வெளியே போனதும் அது கலைந்துவிடும். பின்சக்கரங்களைப் பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வருகிறார். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் டோ எப்போதும் கடைசி.

அந்த வண்டியில் அவர் கண்டுபிடித்த இன்னொன்று எனக்குப் புதிது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் இரண்டும் கிழியத் தொடங்கியிருந்தன. ஸ்பிரிங் மாட்டியவர்கள் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். வண்டி தரையில் இறங்கி, அதுவும் பழைய உயரத்தைவிடத் தாழ்வாக உட்கார்ந்ததும், ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. புதிய புஷ் போட்ட பின், எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும்படி வண்டியை நிறுத்திவிட்டு, கீழே நுழைந்து அந்தப் போல்ட்டை இறுக்கினார். அரைமணி நேரம் கூடுதல் வேலை. பில்லில் இதற்குத் தனி வரி கிடையாது.

பல கடைகளில் ‘கேம்பர் கரெக்‌ஷன்’ என்ற பெயரில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து, ஷாக் அடங்கிய ஸ்ட்ரட்டை வளைத்துவிடுகிறார்கள். திரையில் எண் பச்சையாகிவிடும், வாடிக்கையாளருக்கும் திருப்தி. ஆனால் நேராக இருக்க வேண்டிய ஒரு பாகம் வளைந்திருக்கிறது. ஷாக்கின் தண்டு ஒரு பக்கமாக உரசி, ஆயில் கசியும். அண்ணன் அதைத் தொடுவதில்லை. ஸ்ட்ரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் கேம்பர் போல்ட் என்ற சாய்வு போல்ட்டைப் போட்டு ஒரு டிகிரி வரை சரிசெய்கிறார், முடியாததை முடியாது என்று சொல்லிவிடுகிறார். பெரும்பாலான சிறிய கார்களில் பின்பக்கம் ஒற்றை பீம். அதில் திருகிச் சரிசெய்ய எதுவுமே இல்லை.

இதைவிட அவரைக் கோபப்படுத்துவது ஸ்பிரிங்கைக் கட் பண்ணிக் குட்டையாக்குவது. வெட்டிய முனை ஸ்பிரிங் அமரும் தட்டில் சரியாக உட்காராது. சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், பழைய ஷாக் அதை அடக்க முடியாமல் திணறும். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம்விட்டு நழுவவும் கூடும். "அந்த வண்டிய நான் லிஃப்டுல ஏத்த மாட்டேன் சார்" என்றார்.

வண்டியை இறக்குவது பந்தயத்திலிருந்து வந்த பழக்கம். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தாழ்ந்த கார் வளைவில் உறுதியாக நிற்கிறது என்றால், அங்கே தரை சமம், ஓட்டமும் சில சுற்றுகள்தான். நம் தெருவில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி கட்டிய வேகத்தடையே 10 சென்டிமீட்டர் உயரம், விதிப்படி இல்லாதவைதான் அதிகம். மெட்ரோ பணிக்காக மயிலாப்பூரிலும் அடையாறிலும் தோண்டி மூடிய ஒட்டுகளில் ஒரே குலுக்கலில் டோ கலைந்துவிடுகிறது. சட்டமும் இருக்கிறது: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சின்னவர்களில் ஒருவர் செய்யாறு பக்கத்துக்காரர். டை ராட்டின் லாக் நட்டோடு அவர் மல்லுக்கட்டியதைப் பார்த்தேன். கடற்காற்றில் துருப்பிடித்துப் பூட்டிக்கொண்டிருந்தது. ஆயில் விட்டு, காத்திருந்து, இரண்டு ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். திருப்பிய பின் ரப்பர் பூட் முறுக்கிக்கொண்டதை விரலால் நேராக்கவும் மறக்கவில்லை. மறந்தால் பூட் கிழிந்து, தண்ணீர் புகுந்து, ஸ்டியரிங் ராக்கே போய்விடும். இத்தனைக்கும் அலைன்மெண்ட் கட்டணம் சில நூறு ரூபாய்தான். இரண்டு முன்டயரின் விலையோ பல ஆயிரம். டயர் தேய்ந்தால் பழி வந்து விழுவதும் இவர்கள் தலையில்தான்.

வண்டியை இறக்கியே தீருவேன் என்பவர்கள் ஸ்பிரிங் வாங்கும் முன் ஓர் அலைன்மெண்ட்காரரிடம் பேசுங்கள். மாட்டியதும் ஒருமுறை, சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் மறுமுறை கோணம் பாருங்கள். சரிசெய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து நிறுத்தி மாதம் ஒருமுறை டயரின் உள்பக்கம் டார்ச் அடியுங்கள். கம்பி தெரிந்தால் அந்த டயரோடு ஒரு தெருகூடத் தாண்டாதீர்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள்.