பத்துமலையும் முத்துமலையும்

ஆத்தூரிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில், ஏத்தாப்பூரை அடுத்த புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி உயரத்தில் காட்சி தருகிறார் முத்துமலை முருகன். 2022 ஏப்ரல் 6 அன்று குடமுழுக்கு நடைபெற்றது. மலேசியாவின் பத்துமலையில் 2006-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 140 அடி முருகனை உருவாக்கிய திருவாரூர் ஸ்தபதி தியாகராஜனே இத்திருவுருவையும் சமைத்தவர்.

பத்துமலை சென்றுவர விழையும் பெரியவர்கள் காலமறிந்து புறப்படுதல் நலம். அங்கே 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளித் தேர் பத்துமலைக்கு வந்து சேரும். பால்குடமும் காவடியும் ஏந்திய இலட்சக்கணக்கான அடியார்கள் 272 படிகளையும் நிறைத்துவிடுவர். காண்பதற்கு அரிய காட்சிதான். எனினும் முழங்கால் வலியும் மூச்சிரைப்பும் உடையோர்க்கு அந்நெரிசல் ஏற்றதன்று. ஆண்டிறுதி விடுமுறையிலும் சுற்றுலாப் பயணிகள் மிகுதி. பூசம் கழிந்து சில வாரங்களுக்குப் பின், வாரநாள் ஒன்றில், வெயில் ஏறுமுன் சென்றால் அமைதியாகத் தரிசிக்கலாம். படியேற இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை; அத்திருவுருவம் அடிவாரத்திலேயே நிற்கிறது.

அப்பயணமே கைகூடாதவர்கள்? மலேசியா சென்று வழிபட எல்லோராலும் இயலாதே என்ற எண்ணத்தில்தான் ஆத்தூர் அன்பர் ஒருவர் தமது நிலத்தில் முத்துமலைத் திருப்பணிக்கு வித்திட்டார். இங்கும் கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம், பங்குனி உத்திர நாட்களைத் தவிர்த்து வருவது முதியோர்க்கு எளிது. கூட்டமில்லா நாளில் வந்து நின்றாலும் குமரனின் அருள் குறைவதில்லை.