யாருக்குத் துணை, இந்தத் துணை இயக்குநர்?

தருமபுரிக்குப் புது கலெக்டர் வந்தால் செய்தித்தாளில் படத்தோடு வரும். சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் என்று ஒருவரை நியமித்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 'துணை'தானே, யாரோ பெரியவருக்குக் கீழே ஃபைல் தள்ளுகிறவராக இருக்கும் என்று விட்டுவிடுவார்கள்.

அந்தப் பெரியவரை மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். பொது சுகாதாரத் துறை இயக்குநர் இருப்பது சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில். மாவட்டத்தில் அந்தத் துறைக்குத் துணையும் இவரே, தலையும் இவரே! பென்னாகரத்திலிருந்து சித்தேரி மலை வரைக்குமான ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராம சுகாதார செவிலியர்கள், தடுப்பூசி, கொசு ஒழிப்பு எல்லாம் இவர் தலையில். தாலுகா ஆஸ்பத்திரிகளைப் பார்த்துக்கொள்ள 'இணை' இயக்குநர் என்று வேறொருவர் உண்டு. (குழம்பாதவர்கள் குறைவு.) சுருக்கமாகச் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் இணை இயக்குநர் கணக்கு, வராதவர் துணை இயக்குநர் கணக்கு.

வராதவர்களை எப்படிப் பார்ப்பது? தருமபுரியிலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது.

1990களில் பெண் சிசுக் கொலையால் இந்த மாவட்டத்தின் பெயர் நாடு முழுக்க அடிபட்டது. ஆனால் போலீஸ் ஸ்டேஷனுக்கா வந்து சொல்வார்கள்? அந்தச் சாவுகள் பதிவானது ஆரம்ப சுகாதார நிலையத்துப் பதிவேட்டில். குழந்தை இறந்ததற்கான காரணம் என்ற இடத்தில் 'சமூகக் காரணம்' என்று இருக்கும். அவ்வளவுதான். படிக்கிறவருக்குப் புரிந்தால் சரி... ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இந்தப் பதிவேடுகளைத் தொகுத்து 1997-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதையொட்டிய வருடங்களில் தருமபுரி கிராமங்களில் இதற்கென்றே வீதி நாடகங்கள் நடந்தன. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையிலான 1000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள் இருந்த மாவட்டத்தில் 2011-ல் 913 பேர். தொட்டில் குழந்தைத் திட்டம் உட்பட இதற்குப் பல காரணங்கள் உண்டு. அப்போதும் மாநில சராசரியான 943-ஐ எட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கீழே ஒரு நர்ஸ் எழுதிய இரண்டு வார்த்தையை மேலே ஒருவர் நின்று படிக்க வேண்டும். துணை இயக்குநர் நியமனத்தில் இருக்கும் விஷயமே இதுதான். இருபது வருடம் வைத்தியம் பார்த்த நல்ல டாக்டர், காய்ச்சலோடு வந்தவருக்கு மருந்து கொடுப்பார். பொது சுகாதாரம் படித்தவர், அதே தெருவில் இன்னும் எத்தனை பேர், தொட்டியை எப்போது கழுவினார்கள் என்று கேட்பார். தருமபுரியில் குடிநீரில் இருந்த ஃப்ளோரைடால் பல்லில் கறை, எலும்பில் கோளாறு என்று எத்தனை பேர்! அதற்கு மாத்திரை கிடையாது, நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல்தான் வந்து சேர்ந்தது.

பல மாநிலங்கள் வைத்தியத்தையும் பொது சுகாதாரத்தையும் ஒரே துறையாகக் கலந்துவிட்டன. அங்கே சீனியாரிட்டியில் யார் வேண்டுமானாலும் இந்த நாற்காலிக்கு வரலாம். தமிழ்நாடு கலக்கவில்லை. 1939-லேயே பொது சுகாதாரத்துக்குச் சட்டம் போட்ட மாகாணம் இது. இங்கே டாக்டர் பட்டத்துக்கு மேல் பொது சுகாதாரப் பட்டயமும் படித்து, நகராட்சி சுகாதார அலுவலராகச் சாக்கடை, மார்க்கெட், கொசு எல்லாம் பார்த்தபிறகு துணை இயக்குநராக வருவது வழக்கம்.

நாற்காலி காலியானால் என்ன செய்வார்கள்? பக்கத்து மாவட்டத்துக்காரருக்குக் 'கூடுதல் பொறுப்பு'. தன் மாவட்டத்து ஜீப்பிலேயே பாதி நாள் போகிற மனிதர் வத்தல்மலைக்கு எப்போது ஏறுவார்? பதிவேடுகள் மட்டும் மாதாமாதம் தவறாமல் வந்து மேஜையில் அடுக்கிக் கிடக்கும்.

அண்மையில் பதவியின் பெயரையே மாவட்ட சுகாதார அலுவலர் என்று மாற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்து 'டிஸ்ட்ரிக்ட் ஹெல்த் ஆபீசர்'தான் திரும்பி வந்திருக்கிறார். 'துணை' போய்விட்டது, கூடுதல் பொறுப்பு போனதா என்பதை அடுத்த முறை நாற்காலி காலியாகும்போது பார்க்கலாம்.