மூன்று சீடியும் ஒரு அம்மாயியும்

கொம்பனித்தெருவில் எங்கள் ஒழுங்கை உடைபட்டபோது நாங்கள் நாலு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எல்லாரும் மாடிவீட்டுக்குப் போகச் சாமான் கட்டிய கிழமையில், பக்கத்து வீட்டு மலே அங்கிள் எங்களைக் கூப்பிட்டு ஒரு பெட்டியைத் தந்தார். டுபாயில் வேலை செய்த காலத்தில் வாங்கியதாம். "புது வீட்டில இடம் காணாது. நீங்க வச்சிருங்க. கேக்கத் தெரியாத ஆளுக்குக் குடுத்துராதீங்க" என்றார்.

உள்ளே மூன்று சீடி. மேலே 'ஹொங்கி டொங்க் கேர்ள்: த லொரெட்டா லின் கலெக்ஷன்' என்று இருந்தது. 1994இல் வந்த தொகுப்பு, மொத்தம் 70 பாட்டு. எங்களுக்கு கன்ட்ரி பாட்டு என்றால் ஜிம் ரீவ்ஸ் மட்டும்தான். டிசம்பர் வந்தால் ஒழுங்கை முழுக்க அவர் குரல்தான் கேட்கும். இந்த அம்மா யாரென்றே தெரியாது. பெட்டி அலுமாரிக்கு மேலே போனது.

2022 ஒக்டோபரில் லொரெட்டா லின் தன் 90ஆவது வயதில் காலமானார். செய்தியைப் பார்த்த பிறகுதான் பெட்டி ஞாபகம் வந்தது. சீடி போடக்கூடிய பழைய லெப்டொப் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். மின்வெட்டு இல்லாத நேரம் பார்த்து, எங்களில் ஒருத்தியின் வீட்டில், பதினோராம் மாடியில், முதல் சீடியைப் போட்டோம்.

ஒரு பாடகியின் முழு வாழ்க்கையையும் வரிசையாகக் கேட்பது, 'ஹிட்ஸ்' கேட்பதைப் போன்றதல்ல. முதலில் 1960இல் வந்த 'ஐ'ம் அ ஹொங்கி டொங்க் கேர்ள்'. கென்டக்கி மலைக்காட்டில் பிறந்து, 15 வயதில் கல்யாணம் கட்டி, 20 வயதுக்குள் நாலு பிள்ளை பெற்றவர். புருஷன் 17 டொலருக்கு வாங்கிக் கொடுத்த கிட்டாரில் தானே வாசிக்கப் பழகினார். இசைத்தட்டு வந்ததும் இரண்டு பேரும் காரில் ஏறி, வழியில் இருந்த ரேடியோ நிலையமெல்லாம் இறங்கி இறங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில் குரல் கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கும். கேட்டுக்கொண்டே போகப் போக அந்தப் பயம் கழன்று விழுவது காதுக்கே விளங்கும். குடித்துவிட்டு வீட்டுக்கு வராதே என்று புருஷனுக்குச் சொல்லும் 1966ஆம் ஆண்டுப் பாட்டுக்கு வரும்போது அவர் வேறு ஆள். கருத்தடை மாத்திரையைப் பற்றிய 'த பில்' 1972இல் பதிவானது, ஆனால் 1975இல்தான் வெளியே விட்டார்கள். விட்ட பிறகும் பல ரேடியோக்கள் அதைப் போட மறுத்தன.

எல்லாப் பாட்டும் எங்களுக்குப் பிடித்தது என்று சொன்னால் பொய். 'ஃபிஸ்ட் சிட்டி'யில் தன் புருஷனைச் சுற்றி வருகிற பெண்ணை அடிப்பேன் என்கிறார். தப்பு செய்தவன் புருஷன், அடி அவளுக்கா? இதை வைத்து எங்களுக்குள் அரை மணித்தியாலம் சண்டை. "அப்படித்தானே அப்ப பொம்பளைங்க யோசிச்சாங்க" என்றான் ஒருத்தன். "இப்பவும் அப்படித்தான்" என்றாள் இன்னொருத்தி. அது முடியவில்லை.

மூலையில் படுத்திருந்த அம்மாயி எழும்பி உட்கார்ந்தது 'கோல் மைனர்ஸ் டோட்டர்' பாட்டுக்குத்தான். அவ அட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவ, கல்யாணத்துக்குப் பிறகு கொழும்புக்கு வந்தவ. "என்னா பாடுது இந்தப் பொம்பள?" என்று கேட்டா.

சொன்னோம். அப்பாவுக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை, சின்ன வீடு, நிறையப் பிள்ளைகள், சம்பளம் காணாது, ஆனால் அன்பு இருந்தது. வான் லியர் என்ற அந்தச் சுரங்க ஊரே ஒரு நிலக்கரிக் கொம்பனி கட்டியதுதான். மகளின் முதல் இசைத்தட்டு வருவதற்கு முந்தின வருஷம் அப்பா செத்துப்போனார், அவர் அதைக் கேட்கவே இல்லை.

அம்மாயி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அட, இது லயத்துக் கததானே. அங்கயும் கொம்பனிதானா?" என்றா. அதோடு நிற்கவில்லை. "எங்க அம்மா சொல்லும். நடேசய்யர் கூட்டம் வச்சா மொதல்ல அந்தம்மா எந்திரிச்சுப் பாடுமாம். பாட்டக் கேக்கவே சனம் வருமாம்."

அந்தம்மா, மீனாட்சியம்மாள் நடேசய்யர். பெயர் எங்களுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. சாரல்நாடன் நடேசய்யரைப் பற்றி எழுதியதைத் தேடி வாசித்தோம். துரைமார் கூட்டத்துக்கு இடம் கொடுக்காத காலத்தில் இரண்டு பேரும் தோட்டம் தோட்டமாகப் போயிருக்கிறார்கள். மீனாட்சியம்மாள் பாரதி பாட்டைப் பாடுவார், தான் எழுதியதையும் பாடுவார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியத் தொழிலாளரை நீக்க முடிவெடுத்தபோது, அதற்கு எதிராகவும் பாட்டுக் கட்டினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று 1940இல் அவருடைய பாட்டுப் புத்தகம் வந்தது. சனத்துக்கு ஏற்கெனவே தெரிந்த சினிமா மெட்டுகளில் கட்டிய பாட்டுகள். கேட்டவுடன் கூடச் சேர்ந்து பாடலாம்.

குரலையும் தேடினோம். ஒரு இசைத்தட்டும் எங்கள் கையில் அகப்படவில்லை. சொல் இருக்கிறது, மெட்டு இருக்கிறது, குரல் இல்லை.

இரண்டு பேரும் கொம்பனிக்கு உழைத்த சனத்துக்காகப் பாடிய பெண்கள்தான். ஒருவருக்கு மூன்று சீடி. இன்னொருவருக்கு ஒரு பழைய புத்தகம். லொரெட்டா பெரிய பாடகி, அந்த 70 பாட்டுக்கும் அவர் தகுதியானவர். ஆனால் தகுதி மட்டும் பெட்டி செய்யாது. இசைத்தட்டுக் கொம்பனி வேண்டும், அதை வாங்கச் சம்பளம் உள்ள சனம் வேண்டும், பழைய பதிவை எறியாமல் வைத்திருக்கிற அறை வேண்டும். லயத்தில் பாடிய பெண்ணுக்கு இதில் எது இருந்தது?

பெட்டி இருந்தாலும் எல்லாம் மிஞ்சுவதில்லை. 'கோல் மைனர்ஸ் டோட்டர்' முதலில் இன்னும் நீளமான பாட்டாம். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொல்லியிருக்கிறார். வெட்டிய சரணங்கள் பிறகு தொலைந்தே போய்விட்டன. அவ்வளவு பெரிய பாடகிக்கே அதுதான் கதி.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாயிக்குப் பக்கத்தில் ஃபோனை வைக்கத் தொடங்கினோம். முதல் நாள் வெட்கப்பட்டா. "என் தொண்டையெல்லாம் ஒரு தொண்டையா" என்றா. பிறகு ஒரு தாலாட்டு வந்தது, அடுத்த கிழமை கொழுந்து எடுக்கும்போது பாடிய ஒன்று, பிறகு ஒரு ஒப்பாரி. ஒப்பாரியை வீட்டுக்குள் பாடக்கூடாது என்று லிஃப்டுக்குப் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்து பாடினா. இப்போது 11 பதிவு இருக்கிறது. எங்கள் ஃபோல்டருக்குப் பெயர் 'அம்மாயி 1'. இரண்டு வருமோ தெரியாது, அவவுக்கு மறதி கூடிக்கொண்டு போகிறது.

ஏழாவது பதிவில் பாதியில் நின்றுவிடுகிறா. "இரு, வரும்" என்கிறா. பிறகு 40 செக்கன் ஒன்றும் இல்லை. லிஃப்ட் கதவு மூடுகிறது, கீழே ரயில் போகிறது, எங்களில் யாரோ இருமுகிறோம். அதற்குப் பிறகு அடுத்த அடி வருகிறது. அந்த 40 செக்கனை வெட்டலாமா என்று ஒருத்தன் கேட்டான். வெட்டவில்லை.