ஒற்றுப்பிழையும் ஒரு பையனும்



போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் என் பழைய மாணவர் ஒருவர், "சார், பசங்களுக்கு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சுப் புத்தகம் படிக்க வைக்கிறீங்களாமே, எப்படிப் போகுது?" என்று கேட்டார். பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற கதையா அது? அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற மே விடுமுறையில் தொடங்கினோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, அவள் தோழிகள், தெருப் பிள்ளைகள் என்று 11 பேர். பாதிப் பேருக்கு அம்மாவின் போன்தான். அது கைக்கு வர இரவு 8 மணி ஆகிவிடும். "நாங்க போனைப் பிடுங்கப் பாடுபடுறோம், நீங்க அதுலயே கொண்டுபோய் விடுறீங்களே அத்தான்" என்றார் என் மைத்துனர். 1931இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள், நூலகத் தந்தை ரங்கநாதன் தொடங்கிவைத்தது. படிப்பவன் எங்கே இருக்கிறானோ அங்கே புத்தகம் போக வேண்டும், இன்றைக்குப் பிள்ளைகள் போனில் இருக்கிறார்கள் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

தினம் ஒரு குறள் போட்டேன். கட்டாயம் படிக்க வேண்டிய 25 நூல்கள் என்று பட்டியல் போட்டேன். எல்லாருக்கும் நீல டிக் விழும். பதில் மட்டும் வராது.

ஒரு நாள், பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தானாக எழுதினான். 2022இல் படம் பார்த்துவிட்டு, மதுரைத் திட்டத்தின் தளத்திலிருந்து 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை இறக்கிப் போனிலேயே படித்திருக்கிறான். வந்தியத்தேவன் இத்தனை பொய் சொல்கிறானே, அவனை எல்லாருக்கும் பிடிக்கிறது, நாங்கள் சொன்னால் மட்டும் ஏன் அடி விழுகிறது என்று கேட்டிருந்தான். எவ்வளவு நல்ல கேள்வி! நான் எழுதிய பதில்: "நல்ல முயற்சி. 'வந்தியத்தேவனை பார்த்தா' அன்று, 'வந்தியத்தேவனைப் பார்த்தா'. ஒற்று மிகும்." கீழே இன்னும் மூன்று திருத்தங்கள். 34 வருஷப் பழக்கம்.

காலையில் பார்த்தால் அவன் குழுவை விட்டு வெளியேறியிருந்தான். ஒரு வாரம் யாருமே எழுதவில்லை. பேத்திதான் சொன்னாள்: "தாத்தா, அவன் புத்தகத்தைப் பத்திப் பேசினான். நீங்க பேப்பர் திருத்திட்டீங்க."

அவன் வீட்டுக்கே போய் வருத்தம் தெரிவித்தேன். "பரவால்ல சார்" என்றான், தலையைத் தூக்காமல்.

அதற்குப் பிறகு அட்மின் பொறுப்பைப் பேத்தியிடமும் இன்னொரு பெண்ணிடமும் கொடுத்துவிட்டேன். எனக்கு வாரம் ஒரு பதிவுதான் அனுமதி. பிழை திருத்தினால் என்னை நீக்கிவிடுவார்களாம். எழுதக் கூச்சப்படுகிறவர்கள் குரலில் பேசி அனுப்பலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். அதுதான் எனக்குத் தோன்றாதது. ஒரு பெண், பறவை முட்டை தேடி அலையும் சிறுவனைப் பற்றிய கி.ரா.வின் 'பிஞ்சுகள்' கதையை மூன்று நிமிடம் பேசி அனுப்பினாள், நடுவில் அவள் தம்பி அழுகிற சத்தத்தோடு. அன்றிரவே நான்கு பேர் அந்தப் புத்தகம் வேண்டும் என்றார்கள். என் பட்டியலிலும் அது இருந்தது, ஏழாவதாக! இப்போது ஒரே பிரதி வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. இரும்புக்கை மாயாவிக்கும் ஏக கிராக்கி. வகுப்பில் உங்களிடமிருந்து நான் பிடுங்கிய அதே மாயாவிதான், மன்னித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 34 பேர் இருக்கிறார்கள். அந்தப் பையன் இல்லை. ஆனால் சென்ற மாதம் பேத்தி மூலமாகக் கேட்டு அனுப்பினான், போனில் படித்தால் கண் வலிக்கிறது, இரண்டாம் பாகம் 'சுழற்காற்று' புத்தகமாக இருக்குமா என்று. கொடுத்தனுப்பினேன்.

மூன்றாம் பாகம் 'கொலை வாள்' என் அலமாரியில் இல்லை. உங்களில் யாரோ வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. யார் என்று கேட்க மாட்டேன். இந்த வாரத்துக்குள் அனுப்பிவையுங்கள், அவன் வேகமாகப் படிக்கிறான்.