கொம்புத் திருக்கையின் நிழலில்

மாலத்தீவு என்றதும் எம் நினைவில் எழுபவர் இப்னு பதூதா. 1343ஆம் ஆண்டு அங்குச் சென்று காழியாகப் பணியாற்றிய அப்பெருமகனார், மறு ஆண்டே இலங்கை வழியாக மஅபர் எனப்பட்ட நம் கீழைக்கரைக்கு வந்து சேர்ந்தார். அவர் மரக்கலத்தில் கடந்த கடலுக்குள் மூழ்கிக் காணும் பேறு எமக்கு ஓர் ஆகஸ்டுத் திங்களில் வாய்த்தது.

வடமாலே தீவுக்கூட்டத்தின் கிழக்கு விளிம்பில், லங்கன்ஃபினொல்கு தீவை அடுத்து ஒரு பவளப்பாறை உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கொம்புத் திருக்கைகள் அதனை நாடி வருகின்றன. வருவது இரைக்காக அன்று. உடலில் ஒட்டிய ஒட்டுண்ணிகளைச் சிறுமீன்கள் கொத்தித் தின்பதற்காக!

முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது ஆக்சிஜன் என்றே யாம் எண்ணியிருந்தோம். அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுதானாம். பயிற்சியாளராகிய மாலத்தீவு இளைஞர் ஒன்றையே திரும்பத் திரும்ப வலியுறுத்தினார்: "மூச்சை அடக்காதீர்கள், ஸார்." பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது, அங்கு நிரப்பிய மூச்சை அடக்கியவாறு மேலேறினால் நுரையீரல் கிழிந்துவிடும். மூச்சடக்கி முத்துக்குளித்தோர் கதைகளைக் கேட்டு வளர்ந்த எமக்கு இது தலைகீழ்ப் பாடமாயிருந்தது. மூக்கைப் பிடித்துக் காதடைப்பை நீக்கி நீக்கி இறங்கினோம். வகுப்பறையில் நாளெல்லாம் பேசிப் பழகிய வாய்க்கு அன்று குமிழிகளை விடுவதன்றி வேறு வேலையில்லை.

பாறையோரம் மண்டியிட்டுக் காத்திருந்தோம். முதலில் நிழல் வந்தது. பின்னரே அது வந்தது. மூன்று மீட்டருக்குக் குறையாத அகலம். சிறகசைப்பில் சிறிதும் அவசரமில்லை. வெண்ணிற வயிற்றில் கரும்புள்ளிகள். அப்புள்ளிகளின் அமைப்பு ஒன்றற்கு உள்ளதுபோல் மற்றொன்றற்கு இராது. நம் கைரேகையைப் போன்றது. இந்தத் திருக்கைக்கு வாலில் நச்சுமுள்ளும் இல்லை.

அதனை யாம் காண்பது அது முதன்முறையன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர்த் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் இவ்வினத்தது ஒன்று தரையில் கிடந்தது. செவுள்களை மட்டும் தனியே அறுத்து எடுத்துக்கொண்டிருந்தனர்; சீன மருந்துக்குப் போகும் என்றார்கள். எம் மகனை அதனருகே நிறுத்திப் படம் பிடித்தோம். அப்படம் இன்றும் எம் இல்லத்து ஆல்பத்தில் உள்ளது. ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே குட்டி ஈனும் உயிர் அது என்பதை அன்று யாம் அறிந்திலோம்.

அந்த நினைவு உந்தியதோ, வெறும் ஆசையோ, கைநீட்டியவாறு அதனை நோக்கி எழுந்தோம். தொடுதல் கூடாது என்று படகிலேயே எச்சரித்திருந்தார்கள். இளைஞர் எம் துடுப்புக் காலணியைப் பற்றிக் கீழே இழுத்தார். அதற்குள் திருக்கை ஒரு சிறகைச் சாய்த்துத் திரும்பி நீலத்துள் மறைந்தது. கொத்த வந்த சிறுமீன்கள் பாறைக்குள் ஒடுங்கின. உடன் வந்தோர் எம்மை நோக்கிய பார்வைக்கு முகமூடிக் கண்ணாடியும் திரையாகவில்லை.

காற்று குறைந்தது. மேலேறும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கினோம். கீழே, யாம் விட்டு வந்த பாறைக்கு அது மீண்டும் வந்தது. சிறுமீன்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டு அதன் வயிற்றடியில் கூடின.