உழைக்கும் கையின் தோல்

ஒரகடம் கூட்டுரோட்டிலும் சுங்குவார்சத்திரத்துக் கடைவீதியிலும், ஓர் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கி, கம்பெனிப் பேருந்துகளில் ஷிப்டுக்குப் போய்வரும் இளைஞர்களோடு பழகத் தொடங்கியபின், ஒருவரின் முகத்தைப் பார்க்குமுன் கையைப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டாகிவிட்டது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி ஆரம்பமானது முதற்கொண்டு, ஏரிப்பாசன நிலமாக இருந்த இப்பிரதேசம் யந்திர பூமியாக மாறியதைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். அந்த யந்திரங்களைத் தொடுகிற கைகளுக்கு என்ன நேர்ந்தது என்று பேசுவோர் சொற்பம்.

தேகம் முழுவதையும் போர்த்து, ஏறத்தாழ 2 சதுர மீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் சருமத்தில், நாம் கண்ணால் காண்பது மேல்தோலின் கடைசி அடுக்கை மட்டுமே. மேல்தோலின் அடிவரிசையில் பிறக்கும் உயிரணுக்கள், மெல்ல மெல்ல மேலேறி, உயிர் நீத்துத் தட்டையாகி, ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இடையிடையே கொழுப்பு பூசப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உதிர்ந்துபோகின்றன. உள்ளிருக்கும் நீரை வெளியே விடாமலும் வெளியிலிருக்கும் நஞ்சை உள்ளே விடாமலும் காப்பது இந்த உயிரற்ற அடுக்குதான் என்பது எனக்கு எப்பொழுதும் ஆச்சரியமாகவே இருக்கிறது. உள்ளங்கையில் இது தடித்திருக்கிறது. புறங்கையிலும் விரலிடுக்கிலும் மெலிந்திருக்கிறது. ஆகவேதான் பட்டறைக்காரர்களுக்குப் பெரும்பாலும் விரலிடுக்கில் முதலில் வெடிக்கிறது.

லேத்திலும் சி.என்.சி. யந்திரத்திலும் இரும்பைக் கடையும்போது சூடு தணிக்க ஊற்றும் கூலன்ட், நாள் முழுதும் கையை நனைத்துக்கொண்டே இருந்து, மேல்தோலின் கொழுப்பைக் கரைத்துவிடுகிறது. ஷிப்டு முடிந்ததும் பிசுக்குப் போகத் தின்னரையும் துணி சோப்புத் தூளையும் போட்டுத் தேய்ப்பார்கள். இரும்புத்தூள் ஒட்டிய காட்டன் வேஸ்டால் துடைப்பார்கள். இயல்பில் சற்றே அமிலத்தன்மையுள்ள தோலின்மேல் காரம் மிகுந்த சோப்பு விழ, கூலன்ட் மிச்சம் வைத்ததையும் அது கொண்டுபோய்விடுகிறது. இவ்விதம் தோல் நாள்தோறும் தேய்வதால் வரும் அழற்சி ஒருவகை.

ஒவ்வாமையால் வரும் மற்றொரு வகை இன்னும் நுட்பமானது. 1868இல், மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் மேல்தோலில் கிளை விரித்த சில அணுக்களைக் கண்டு, அவை நரம்பைச் சேர்ந்தவை என்று கருதினார். அவை உண்மையில் காவலணுக்கள் என்பதும், தோலில் நுழைந்த அந்நியப் பொருளை நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுசென்று அடையாளம் காட்டுகின்றன என்பதும் பிற்பாடு தெரிந்தன. ஒருமுறை அடையாளம் பதிந்துவிட்டால், அப்பொருள் மிகச் சிறிதளவு பட்டாலும் ஓரிரு நாளில் தோல் சிவந்து, கொப்புளித்து, நீர் கசியும். அந்த ஞாபகம் பெரும்பாலும் ஆயுள் உள்ளவரை அழிவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை, சிறு உதிரிபாகப் பட்டறையில் லேத் ஓட்டியவர், கை வெடித்திருந்ததால் மெஸ்ஸில் சாதத்தைக் கரண்டியால் உண்பதைக் கண்டேன். "சூடுதான் சார், இளநி குடிச்சா அடங்கிடும்" என்றார். அறைத் தோழர்களோ தொற்றிக்கொள்ளுமென்று அஞ்சி அவர் தட்டையும் துண்டையும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கரப்பான் என்னும் இத்தோலழற்சி ஒருவரிடமிருந்து மற்றவரைத் தொற்றும் வியாதியே அன்று. எரிச்சலைவிட அந்த ஒதுக்கலே அவரை அதிகம் வாட்டியது. பொங்கல் விடுமுறையில் ஊரில் இருந்தபோது கை தெளிந்ததாகவும், திரும்பி வந்து வேலையில் நின்றதும் மறுபடி வெடித்ததாகவும் அவர் சொன்னதைவிடத் தெளிவான சாட்சியம் வேறென்ன வேண்டும்?

ஆயினும் அவர் முதலில் நாடியது மருந்துக்கடைக் களிம்பைத்தான். வீரியமிக்க ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் மத்திய அரசு விதித்த பின்னும், அவை கேட்டவுடன் கிடைக்கின்றன. பூஞ்சைப் படை இருக்கும் இடத்தில் அவற்றைப் பூசினால் அரிப்பு அடங்கும், படையோ பரவும். நெடுநாள் பூசினால் தோலே மெலியும்.

1700இல் தொழில் வியாதிகளைப் பற்றி நூல் எழுதிய இத்தாலிய வைத்தியர் ராமசினி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொன்னார். அக்கேள்வியைக் கேட்ட தோல் மருத்துவர் ஒருவரிடம் அந்த லேத் தொழிலாளி பிற்பாடு போய்ச் சேர்ந்தார். சந்தேகத்துக்குரிய பொருள்களைச் சிறு வட்டங்களில் முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, 1895இல் யாடசோன் என்ற ஜெர்மானியர் வகுத்தது. அவருக்கு அதைச் செய்தபோது, கூலன்ட் கெட்டுப்போகாமலிருக்கக் கலக்கும் ரசாயனம் பட்ட இடம் மட்டும் சிவந்தது. 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ரசாயனத்தாலும் வர்ணத்தாலும் வரும் தோலழற்சியை, அரசுக்கு அறிவிக்க வேண்டிய வியாதிகளுள் ஒன்றாக வைத்திருந்தது. வேலை போய்விடுமே என்று கையை மறைத்துக்கொள்ளும் ஒப்பந்தத் தொழிலாளியின் வியாதி எந்தப் பதிவேட்டில் ஏறும்?

லேத் ஓட்டிய அந்த இளைஞருக்கு மேற்பார்வையாளர் நல்லவராக வாய்த்தார். பாக்கிங் பிரிவுக்கு மாற்றினார். ஓவர்டைம் பணம் குறைந்தது, கை ஆறிற்று. ஒப்பந்தம் முடிந்து வேறு கம்பெனிக்குப் போகும்போது காட்டுவதற்கென்று, அந்த ரசாயனத்தின் பெயரை மருத்துவரிடம் தமிழில் எழுதி வாங்கி, இ.எஸ்.ஐ. அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறார்.