என் கால் அளவு

சென்னையின் தெற்குப் புறநகரில் இருந்துகொண்டு ஒரு பெண் சாக்ஸ் பின்னுகிறேன் என்று சொன்னால், கேட்பவர்களுக்கு இரண்டு சந்தேகம் வரும். "வீட்ல யாருக்கு விசேஷம்? குழந்தைக்கா?" என்பது முதலாவது. "இந்த வெயில்லயா?" என்பது இரண்டாவது. குழந்தைக்கு இல்லை, எனக்குத்தான், என் காலுக்குத்தான் என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடும். ஒரு பெண் தன் கையால் செய்வது பிள்ளைக்கோ, கணவனுக்கோ, விற்பனைக்கோ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. அவளுக்கே என்றால் ஏன் புரியாமல் போகிறது? இரண்டு மாதம் ஒரு ஜோடி சாக்ஸ் பின்னியபோது நான் அதிகம் யோசித்தது இதைத்தான்.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். வரும் பாகத்தை கேஜில் நுழைத்துப் பார்க்க வேண்டும், வெர்னியரில் அளக்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சைத் தட்டு, இல்லாவிட்டால் சிவப்புத் தட்டு. எட்டு மணி நேரமும் நின்றுகொண்டுதான். காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ. உள்ளே பள்ளாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய நைலான் சாக்ஸ். வேர்வை எங்கும் போகாது. மாலையில் ஷூவைக் கழற்றினால் விரலிடுக்கெல்லாம் வெந்து வெள்ளையாகிக் கிடக்கும். அதனால் பருத்தியில், என் கால் அளவுக்கு, நானே ஒரு ஜோடி போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். தினம் இருபது நிமிடம், அறுபது நாள். இதுதான் நான் எனக்கு வைத்த பந்தயம்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் மாடி வீட்டு அக்கா. நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவருடைய அம்மா லேஸ் போட்டே நான்கு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். "கையி பழகியாச்சுன்னா கண்ணு வேண்டாம் மக்ளே" என்பார் அக்கா. அவர் டிவி பார்த்துக்கொண்டே பின்னுவார்.

சாக்ஸ் வட்டமாகப் போவதால் இரண்டு பக்கமும் கூர் உள்ள ஐந்து ஊசிகள் வேண்டும். நான்கில் கண்ணிகள் நிற்கும், ஐந்தாவதால் பின்ன வேண்டும். கடையில் கிடைத்ததெல்லாம் ஸ்வெட்டருக்கான தடித்த ஊசி. எங்கள் வெல்டிங் பிரிவில் டிக் வெல்டிங்குக்கு 2.4 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி வைத்திருப்பார்கள். ஒரு கம்பி ஒரு மீட்டர் நீளம். ஒன்றை விலை கொடுத்து வாங்கினேன். அங்கே வேலை செய்யும் தம்பி அதை 20 சென்டிமீட்டர் வீதம் ஐந்தாக வெட்டி, இரண்டு முனையும் கிரைண்டரில் தேய்த்து, பஃபிங்கில் மெருகேற்றித் தந்தார். வெர்னியரில் அளந்து பார்த்தேன். பச்சைத் தட்டுதான். பருத்தி நூல் பாரிமுனையில் வாங்கியது, ஐம்பது கிராம் உருண்டை இரண்டு.

பின்னல் என்பது ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுப்பது, அவ்வளவுதான். தறித்துணி போல ஊடும் பாவுமாகக் குறுக்கே போகாமல், ஒரே நூல் வளைந்து வளைந்து போவதால் பின்னிய துணி இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். பனியனும் சாக்ஸும் உடம்போடு ஒட்டி நிற்பது இதனால்தான். கம்பளியில் இந்த விரிவு அதிகம். பருத்தியில் குறைவு. ஆகவே பருத்தி சாக்ஸ் காலை விடக் கொஞ்சம் சிறிதாக இருந்தால்தான் நழுவாமல் நிற்கும். முதலில் ஒரு சிறு துண்டு பின்னி, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணினேன். இருபத்தெட்டு. பிறகு காலை அளந்தேன். பாதத்தின் சுற்றளவு காலையில் 22 சென்டிமீட்டர். வேலை முடிந்து வந்து அளந்தால் 23.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அளவு எடுப்பது என் தொழில், ஒரு சென்டிமீட்டர் என்பது எங்கள் மேஜையில் மிகப் பெரிய வித்தியாசம். அடுத்த நாளும் அளந்தேன், அதற்கடுத்த நாளும் அளந்தேன். வாரம் முழுக்க அதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாலையிலும் 22. பதினோரு வருடமாக ஆயிரக்கணக்கான பாகங்களை அளந்த கை, தன் காலை அளந்தது அதுதான் முதல் தடவை.

56 கண்ணிகளில் ஆரம்பித்தேன். மேல் விளிம்பு இரண்டு நேர், இரண்டு எதிர் என்று மாறி மாறி வரும். பிறகு கெண்டைக்காலுக்கு வட்டம் வட்டமாக நேர்க்கண்ணி. குதிகால் வரும்போதுதான் சாக்ஸ் தன் புத்தியைக் காட்டும். பாதிக் கண்ணிகளை, அதாவது 28ஐ மட்டும் தட்டையாக 28 வரிசை பின்ன வேண்டும். பிறகு நடுவில் தொடங்கி, வரிசை முடியும் முன்பே திரும்பித் திரும்பிப் பின்னினால், தட்டையான துணி தானாகக் குழிந்து கிண்ணம் போல ஆகிறது. வெட்டு கிடையாது, தையல் கிடையாது. பிறகு இரண்டு ஓரத்திலும் கண்ணி எடுத்து, 72 ஆகும் எண்ணிக்கையை ஒரு வட்டம் விட்டு ஒரு வட்டம் இரண்டிரண்டாகக் குறைத்து, மறுபடி 56க்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சாக்ஸுக்குச் சுமார் எட்டாயிரம் கண்ணிகள். என் வேகத்துக்கு ஒன்பது மணி நேரம்.

இந்தக் குதிகாலை வடிவமைத்தவர் யார் என்று எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. 1589இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்பது வரலாற்றில் இருக்கிறது. அவர் இயந்திரம் செய்தது, கைகள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த கண்ணிகளைத்தான். எகிப்தில் கிடைத்த, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு ஜோடி சிவப்புக் கம்பளிக் காலுறை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செருப்பு மாட்டிக்கொள்வதற்காகக் கட்டைவிரல் அதில் தனியாகப் பிரிந்திருக்கும். அதை யாரோ ஒருவர் ஒரு காலைப் பார்த்து, அளந்து, ஒற்றை ஊசியால் செய்திருக்கிறார். அவர் பெயரும் இல்லை.

இருபது நிமிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் ராத்திரிப் பாத்திரம் கழுவ இருபது நிமிடம் ஆகும். அறுபது நாளைக்கு அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கணவரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். "கடைல நாப்பது ரூபாய்க்குக் கிடைக்குதே" என்றும் சொன்னார். மாமியாருக்கு மனசு ஆறவில்லை. "ஆம்பள பாத்திரம் தேய்க்கிறான், இவ நூலச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கா" என்று வாசலுக்குக் கேட்கும்படி சொல்வார். மூன்றாவது வாரம் கணவருக்கு வேலை அதிகம். நான்கு நாள் தொட்டி நிறையப் பாத்திரம் கிடந்தது. நான் எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு கண்ணிக்கும் அந்தத் தொட்டி கண்ணில் தெரிந்துகொண்டுதான் இருந்தது. பதினோராம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு நாள் கழுவப் போனாள். "நீ படி" என்றேன். ஐந்தாவது நாள் அவரே கழுவினார். அந்த நான்கு நாளில் எனக்குக் குதிகால் முடிந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் அந்தப் பத்தை ஆண்கள் எடுத்துக்கொள்ளவில்லை, அவர்களுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது.

சாக்ஸ் உருவம் எடுக்கத் தொடங்கியதும் அடுத்த யோசனை வந்தது. "நல்லா இருக்கே, போட்டு வித்தா காசு வருமே!" சொன்னவர்கள் அன்பாகத்தான் சொன்னார்கள். ஒன்பது மணி நேரத்தை நாற்பது ரூபாய் சாக்ஸோடு வைத்துப் பார்த்தால் எவ்வளவு காசு வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தாம்பரத்தில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் தோழி அப்போதுதான் மரியா மீஸின் புத்தகத்தைப் பற்றிச் சொன்னார். ஆந்திராவின் நரசாபூரில் வீட்டிலிருந்து லேஸ் பின்னும் பெண்களைப் பற்றிய ஆய்வு, 1982இல் வெளிவந்தது. அந்த லேஸ் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியானது. வியாபாரிகள் சம்பாதித்தார்கள். பின்னிய பெண்களோ தொழிலாளிகளாகவே எண்ணப்படவில்லை. வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் பின்னும் இல்லத்தரசிகள் என்றே எண்ணப்பட்டார்கள். கூலி மிகக் குறைவாக இருந்ததற்கு அந்தச் 'சும்மா' என்ற சொல்லே காரணமாக இருந்தது.

மாடி வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் வேறொரு பக்கத்தைக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலைக்குப் பணம் கட்டியதாக மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. மார்த்தாவின் மகள் எலிசா, கால்டுவெல்லை மணந்து, இடையன்குடியிலும் அதே வேலையைத் தொடங்கினார். "எங்கம்மைக்கு லேஸ்னா சோறு. பொழுதுபோக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. அவ தனக்குன்னு ஒண்ணுகூட போட்டுக்கிட்டதும் இல்ல" என்றார் அக்கா. ஒரே ஊசி ஒருத்திக்கு விடுதலைப் பணம், இன்னொருத்திக்குக் கூலியில்லா உழைப்பு. ஊசியில் எதுவும் இல்லை. நேரம் யாருடையது, பின்னியது யாருக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இந்த ஜோடியை விற்பதில்லை, பரிசாகக் கொடுப்பதுமில்லை என்று உறுதியாக இருந்தேன்.

கால் அளவை விட்டுவிட்டு வந்துவிட்டேன். அந்த 22, 23 எண்களை மதிய உணவு நேரத்தில் உடன் வேலை செய்பவர்களிடம் சொன்னேன். அனகாபுத்தூரிலிருந்து வருபவர் ஒருவர், அவர் வீட்டில் முன்பு தறி இருந்தது, கைப்பையில் எப்போதும் இன்ச் டேப் வைத்திருப்பார். எங்கள் வரிசையில் ஏழு பெண்கள். ஒரு வாரம் எல்லோரும் காலையிலும் மாலையிலும் அளந்து, நாங்கள் தினமும் நிரப்பும் அதே பரிசோதனைப் படிவத்தில் எழுதினோம். ஏழு பேருக்கும் மாலையில் கூடுதல். ஒருவருக்கு ஒன்றரை சென்டிமீட்டர். "இது பாகமா இருந்தா சிவப்புத் தட்டு" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம், பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்கு, இடையில் கிடைக்கும் ஓய்வில் உட்காருவதற்கு வசதி செய்து தர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. கடைகளில் நின்றே வேலை செய்யும் பெண்களுக்கு அந்த உரிமைகூட வெகுகாலம் இல்லை. கோழிக்கோட்டில் விஜியும் பெண்கூட்டு அமைப்பும் வருடக்கணக்காகப் போராடியதன் பலனாக 2018இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, இருக்கை கட்டாயம் என்றது. எங்களுக்கோ 1948லிருந்தே இருந்திருக்கிறது, ஸ்டூல்தான் இல்லை. ஏழு பேரும் கையெழுத்திட்டு, அந்தப் படிவத்தையும் சேர்த்து மேலாளரிடம் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்து இரண்டு ஸ்டூல்கள் வந்தன. ஏழு பேருக்கு இரண்டு. மிச்சத்துக்கு இன்னொரு கடிதம் எழுதியிருக்கிறோம்.

இரண்டாவது சாக்ஸ் ஐம்பத்தெட்டாவது நாள் முடிந்தது. விரல் நுனியில் எட்டும் எட்டுமாக மிஞ்சிய பதினாறு கண்ணிகளைத் தையல் ஊசியால் ஒன்றோடொன்று கோத்து இழுத்தபோது மூட்டே தெரியவில்லை. கணவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு போடேன்" என்றார். ஊசிகளை எடுத்து அவர் முன்னால் வைத்து, "இருவது நிமிஷம் ஒதுக்குங்க, சொல்லித் தரேன்" என்றேன். இன்னும் ஆரம்பிக்கவில்லை. பாத்திரம் மட்டும் தொடர்ந்து கழுவுகிறார்.

மகள் ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நேர், இரண்டு எதிர் என்று விளிம்பு வரை வந்திருக்கிறாள். யாருக்கு என்று பாட்டி கேட்டதற்கு, தலை நிமிராமல் "எனக்கு" என்றாள்.